குடில் செதுக்கியவரின் கூலி

(திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



திருவருகைக்காலம் தொடங்கிவிட்டது. வீடுகளில் நட்சத்திரம் கட்டுகிறோம், வெள்ளையடிக்கிறோம், குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம். இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்தக் குடிலுக்குள் நிற்கிற சுரூபங்களைப் பற்றி. சுரூபங்களைப் பற்றி என்பதைவிட, அவற்றைச் செய்து விற்கிறவரைப் பற்றி.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரியும். செய்தித்தாளில் படித்து நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தப் பட்டறைகளுக்குள் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஒரு கூரைக் கொட்டகை, தரையெல்லாம் மரச்சீவல், வரிசையாக உளிகள், ஒரு கொட்டாப்புளி. நடுவில் ஒருவர் வாகை மரத்துண்டைக் கால்களுக்கிடையே அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அவர் ஆயத்தமாவது டிசம்பரில் அல்ல, ஆடி மாதத்திலேயே. ஈரம் காயாத மரத்தில் செதுக்கினால் பிறகு வெடித்துவிடும். எனவே முன்கூட்டியே மரம் வாங்கி, அறுத்து, நிழலில் காயப்போட வேண்டும். கையிலிருக்கும் காசு ஆடியில் போய்விடுகிறது. திரும்பி வருவது மார்கழியில், அதுவும் வந்தால்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கோயில் குடிலுக்கு மரத்தில் ஒரு திருக்குடும்பம் வேண்டும் என்று ஒரு சிற்பியிடம் போனேன். அவர் எந்த நிறுவனத்தையும் சேராதவர், தனியாகத் தொழில் செய்பவர், நம் சமயத்தைச் சேர்ந்தவரும் அல்ல. ஒன்றரை அடி உயரத்தில் மூன்று உருவங்கள். 24,000 ரூபாய் ஆகும் என்றார். நான் 15,000 என்றேன். "ஜங்ஷன் கடையில் அச்சில் வார்த்த செட்டு இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்றேன். பிறகு, குருக்கள் கைவசம் எப்போதும் ஒன்று வைத்திருப்போமே, அதையும் சொன்னேன்: "கோயிலுக்குத்தானே, உங்களுக்குப் புண்ணியம்." அவர் தலையைக் குனிந்துகொண்டு 16,000க்கு ஒத்துக்கொண்டார். 6,000 முன்பணம் கொடுத்தேன். "சாமியாரே நல்லா பேரம் பேசுறாரே" என்று உடன் வந்தவர் பாராட்டினார். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

நீதிமொழிகள் நூல் 20ஆம் அதிகாரத்தில் ஒரு வாங்குகிறவர் வருகிறார். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மட்டம், மட்டம் என்பார். வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் அதைப் பற்றியே பெருமை பேசுவார். அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த ஆள் நான்தான் என்று தோன்றியதே இல்லை.

உருவங்கள் டிசம்பர் 22ஆம் தேதி வந்தன. அன்னை மரியாவின் முந்தானை மடிப்பைப் பார்த்து நம் ஊர்ப் பெண்கள் தொட்டுத் தொட்டு வியந்தார்கள். மீதிப் பணத்தைக் கிறிஸ்துமஸ் காணிக்கை எண்ணியதும் தருகிறேன் என்றேன். காணிக்கை வந்தது, ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் போனது. சிற்பி ஜனவரியில் இரண்டு முறை வந்தார். நான் ஒரு முறை வெளியூரில், ஒரு முறை கூட்டத்தில். தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் 10,000 ரூபாயை எண்ணி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "சாமி, பொங்கலுக்கு வெளியில கடன் வாங்கினேன். உங்க கோயில் ஜோடனைக்கு நான் வட்டி கட்டிட்டேன்."

அன்று அவரையே உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன். மரத்திற்கு 5,000. அறுப்புக் கூலி, உப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் சேர்த்து 1,500. தேய்த்துக் கொடுத்த பையனுக்கு எட்டு நாளுக்கு 4,000. என் 16,000இல் இவை போக மிச்சம் 5,500. அவர் உட்கார்ந்து செதுக்கிய நாள்கள் பதினாறு. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 350 ரூபாய்கூட இல்லை. அதே மாதம் கோயில் சுவருக்குப் பூச வந்த கொத்தனாருக்கு நாளுக்கு 900 ரூபாயை மாலையிலேயே கொடுத்தேன். கொத்தனாரிடம் புண்ணியம் பற்றிப் பேசவில்லை.

குருமடத்தில் படைப்பின் இறையியல் படித்தோம். மனிதர் கடவுளின் படைப்புப் பணியில் பங்கேற்பவர் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினோம். மோசே காலத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்கக் கடவுள் பெயர் சொல்லி அழைத்த பெட்சலேலைப் பற்றி விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் அரசரல்ல, இறைவாக்கினருமல்ல. பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்கிற ஒரு கைவினைஞர். அவரைத்தான் கடவுள் தம் ஆவியால் நிரப்பினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பட்டறையில் நின்று விலை பேசும்போது பெட்சலேல் நினைவுக்கு வரவில்லை.

நம் ஆண்டவரையே நாசரேத்து மக்கள் தச்சர் என்றுதான் அறிந்திருந்தார்கள். அவர் ஏர்களும் நுகங்களும் செய்ததாக இரண்டாம் நூற்றாண்டின் மறைச்சாட்சியான புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த ஊரிலும் யாரோ ஒருவர் நுகத்தைத் தட்டிப் பார்த்து, "யோசேப்பே, இதுக்கா இவ்வளவு கேட்கிறாய்?" என்று சொல்லியிருப்பார். அறுவடை முடியட்டும் என்று பாக்கியும் வைத்திருப்பார். அன்னை மரியா அந்தப் பாக்கியை எதிர்பார்த்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இது விவிலியத்தில் இல்லை. என் ஊகம்தான்.

கூலியாளின் கூலியைப் பொழுது விடியும்வரைகூட உன்னிடம் வைத்திருக்காதே என்பது லேவியர் நூல் தரும் கட்டளை. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வறுமையின் காரணமாக ஒருவர் குறைந்த கூலிக்குச் சம்மதித்துவிட்டார் என்பதால் மட்டும் அது நீதியாகிவிடாது என்கிறார். என் சிற்பியும் சம்மதித்துத்தான் தலையைக் குனிந்தார்.

நம் பங்குகளிலும் கைத்தொழில் செய்து இந்தப் பருவத்தில் விற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். துணியில் ஓவியம் வரைகிற பெண்கள், வாழ்த்து அட்டை செய்கிறவர்கள், களிமண்ணில் குடில் பொம்மை செய்கிறவர்கள். மதுரை விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற அதே குடும்பங்கள்தான் கிறிஸ்துமசுக்குக் குழந்தை இயேசுவையும் செய்கின்றன. உங்களுக்கும் ஒரு வார்த்தை. விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள். பொருளுக்கு எவ்வளவு, எத்தனை நாள் உழைப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாராவது கேட்டால் அதைக் காட்டலாம். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், கேட்பது சாமியாராக இருந்தாலும் சரி. இந்தத் தேதிக்குப் பிறகு ஆர்டர் எடுக்க மாட்டேன் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்கு வாக்குக் கொடுத்து ஆறு பேரை ஏமாற்றாதீர்கள். இயந்திரத்தில் வெட்டியதைக் கைவேலை என்று சொல்லாதீர்கள், வாகையைத் தேக்கு என்று விற்காதீர்கள். மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். முத்திரை செதுக்குகிறவர், கொல்லர், குயவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இவர்கள் இல்லாமல் ஒரு நகரமும் நிலைக்காது என்கிறார் அந்த ஞானி. இவர்களின் வேலையே இவர்களின் மன்றாட்டு என்றும் சொல்கிறார்.

1223இல் கிரேச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் சுரூபமே இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். காசில்லை என்றால் நாமும் அப்படி வைக்கலாம். அதில் குறை ஒன்றுமில்லை. சுரூபம் வேண்டும் என்றால் அதைச் செய்தவருக்குச் சேரவேண்டியது சேர வேண்டும்.

நைனார்பாளையம் பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பும் உண்டு. நான் குறைத்த 8,000 ரூபாயை அந்த ஆண்டே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். இந்த ஆண்டு குடிலுக்கு இரண்டு இடையர்களைச் செய்யச் சொல்லியிருக்கிறோம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் அவர் ஒரு மேசை போடுகிறார். சின்னச் சின்னக் குழந்தை இயேசு உருவங்கள், சிலுவைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விலை எழுதி ஒட்டியிருக்கும். இடையர்களுக்கான முழுப் பணத்தையும் மரம் வாங்கும்போதே கொடுத்துவிட்டோம். ரசீது பங்குப் பேரவைப் பொருளாளரிடம் இருக்கிறது.