சொல் ஆக்கினோம், நூல் ஆக்கினோமா?

(பாளையங்கோட்டைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருநைக் கரையில் நின்று பேசும் எவனும் பெருமை பேசாமல் இரான். நானும் அதிலேயே தொடங்குகின்றேன். சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. அது கி.மு. 1155ஆம் ஆண்டினது என்று 2021இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3200 ஆண்டுப் பழைமை! கேட்டோம்; கைதட்டினோம்; சுவரொட்டியும் ஒட்டினோம். ஆனால், அவ்வாண்டை எவ்வாறு கண்டறிந்தார்கள் என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

விடை கடினமன்று. காற்றிலுள்ள கரிமத்தில் மிக மிகச் சிறு பங்கு கதிரியக்கக் கரிமம். அதன் நிறையெண் 14. நெற்பயிர் உயிரோடு உள்ளவரை அதனைக் காற்றிலிருந்து இடையறாது பெறுகின்றது. கதிர் அறுத்தபின் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டில் அக்கரிமம் பாதியாகும்; மேலும் 5730 ஆண்டில் அப்பாதியிலும் பாதியாகும். 3200 ஆண்டு கழிந்த நெல்லில் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பங்கு எஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்து, மரத்தின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தம் செய்தால், கழிந்த காலம் தெரிந்துவிடும். இதைச் சொல்ல எனக்கு அயற்சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறிவியலைச் சொல்லத் தமிழிற் சொல்லில்லை என்று பழித்த காலத்தில், சொல் ஆக்கித் தந்தவர்களுள் நெல்லையார் முன்நின்றனர். இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் அயராது உழைக்க, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் சொல்லாக்க மாநாடு கூட்டிற்று. விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938இல் ஏறத்தாழப் பதினாயிரம் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன.

ஆனால், விதைநெல்லைக் குதிருக்குள்ளேயே வைத்திருப்பவன் அறுவடை காண்பதில்லை. அகரமுதலியிற் கிடக்கும் சொல் விதைநெல். படிப்பவன் நெஞ்சில் அது முளைக்க நூல் வேண்டும். அந்நூல்களை எழுதியவர் யார்?

திருவைகுண்டத்திற்கு அருகிலுள்ள பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புசாமி அவர்களை நினையுங்கள். தொழிலால் வழக்கறிஞர். அதே ஊரினராகிய அ. மாதவையா நடத்திய 'தமிழர் நேசன்' இதழில் 1917இல் அறிவியல் எழுதத் தொடங்கினார். 1986இல் மறையும் வரை அத்தொண்டை விடவில்லை. அணுவையும் மின்னாற்றலையும் வானொலியையும் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்க எழுதினார்.

அவர் தனித்தமிழர் அல்லர். என் இளமையில் அவர் நூலொன்றைக் கையிலெடுத்தேன். 'விஞ்ஞானம்' என்ற சொல்லைக் கண்டதும் மூடிவைத்துவிட்டேன். அதனைக் கொள்கையுறுதி என்று அன்று எண்ணினேன். இன்று சொல்கின்றேன்: அது என் பிழை. அவர் சொல்லை மறுக்க நமக்கு உரிமையுண்டு. அவ்வுரிமை, அதைவிடத் தெளிந்த நூலைத் தனித்தமிழில் எழுதிக் காட்டும் கடமையோடு வருவது.

மறைமலையடிகள் அக்கடமையை உணர்ந்தவர். மனத்தின் இயல்பைப் பற்றி 'அறிதுயில்', 'தொலைவிலுணர்தல்' என்று நூல்களே எழுதினார். தொலைவிலுணர்தல் போன்ற கருத்துகளை இன்றைய ஆய்வு ஏற்பதில்லை. ஆயினும், புதுத்துறை ஒன்றைத் தமிழில் நூலாகவே எழுதிய அவர் துணிவு நமக்கு வழிகாட்டி. 1920இல் இந்நெல்லையில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அடிகளின் நூல்களை நாடெங்கும் கொண்டுசென்றது. எழுதுவோரும் பதிப்போரும் கைகோத்த காலம் அது.

இன்று நம்முன் உள்ள பணி யாது? மருத்துவர் ஒருவர் உறக்கத்தையும் மறதியையும் அச்சத்தையும் பற்றி எழுதுக. குமுகாயம் கற்றவர், ஒரே பொருநைநீரைப் பருகும் மக்கள் சாதியால் ஏன் பிரிந்து நிற்கின்றனர் என்பதை ஆராய்ந்து எழுதுக. இயற்கை அறிந்தவர், பொதிகையில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் இவ்வாறு இரு பருவத்தும் நீர் பெறுவதை எழுதுக.

எழுதியபின் புலவரிடம் காட்டுமுன், எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் படிக்கக் கொடுங்கள். அப்பிள்ளை எந்த இடத்தில் நின்று விழிக்கின்றதோ, அவ்விடத்தைத் திருத்துங்கள். தனித்தமிழ் விளங்காது என்று பழிப்பவர்க்கு அப்பிள்ளையின் முகமே விடை சொல்லும்.

எழுத இயலாதவர் வாங்கிப் படியுங்கள். படித்ததைத் திண்ணையில் நாலுபேர்க்குச் சொல்லுங்கள். சிவகளை நெல்லைக் காட்டிப் பெருமைப்படும் நாம், அதன் அகவையை அளந்த அறிவையும் நம் மொழியில் நமதாக்கிக் கொள்வோம்.

வெல்க தமிழ்!