ஆறாம் வகுப்புச் சேர்க்கை: நம் வீட்டு விஷயம்தான்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

குடிநீர், தெருவிளக்கு பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குக் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். விழுப்புரம் போகும் தனியார் பள்ளி வேன்களில் நம் பிள்ளைகள். அரசுப் பள்ளிக்கு நடந்து போவது பெரும்பாலும் கரும்பு வெட்டுபவர், கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள். கொரோனா காலத்தில் இது கொஞ்சம் மாறியது. 'அசர்' ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகள் 2018-இல் 64.3 சதவீதம், 2021-இல் 70.3. நம் தெருவிலும் சிலர் மாற்றினோம். சம்பளம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் திரும்ப வேனில் ஏற்றிவிட்டோம். என் பேரனும் அதில் ஒருவன்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய பள்ளியில் பத்துப் பேர் குறைவது தெரியாது. சின்னப் பள்ளிக்கு அது பெரிய அடி. அப்புறம் "வாத்தியார் இல்லாத பள்ளியில் எப்படிச் சேர்ப்பது?" என்று நாமே கேட்போம்.

இன்னொன்று. பத்து வரை தனியார், பதினொன்றில் அரசுப் பள்ளி, அப்போது 7.5 சதவீதம் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கிடைக்காது. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கின்றன. அவற்றில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்த்தி.

கட்டண பாக்கிக்காக டி.சி. தர மறுத்தால் பயப்படாதீர்கள். டி.சி.யைக் கட்டண வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

நம் தெருக்களில் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடிப்பவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது வீட்டாரும் ஏப்ரலில் ஒரு நாள் சேர்ந்து போய்த் தலைமையாசிரியரைப் பார்ப்போம். வகுப்பறை, கழிப்பறை, ஆய்வகம் எல்லாம் நேரில் பாருங்கள். பிடிக்காவிட்டால் சேர்க்க வேண்டாம். ஒன்பதில் ஒருத்தி என் பேத்தி. மருமகள் இன்னும் சம்மதிக்கவில்லை. அவளும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.