பச்சிளங் குழந்தையின் மஞ்சள் காமாலை



ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நாம், வீட்டில் ஒரு குழந்தை பிறந்தவுடன் முதலில் உணரும் குறை, பெரியவர் ஒருவர் அருகில் இல்லையே என்பதுதான். ஊராக இருந்தால் பாட்டியோ, அத்தையோ, அடுத்த வீட்டு அம்மாளோ தொட்டிலை எட்டிப் பார்த்து, "என்னம்மா, பிள்ளையின் கண் மஞ்சளாக இருக்கிறதே!" என்று சொல்லியிருப்பார்கள். இங்கே பார்ப்பவர்கள் நாம் இருவரே; அதுவும் பல வீடுகளில் பகலிலும் விளக்கேற்ற வேண்டிய ஓர் அறையில். ஆகவே, பெரியவர்களின் கண் செய்து வந்த வேலையை நாமே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் காணும் மஞ்சள் காமாலையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில், வீண் அச்சத்தை விலக்கிவிடுவோம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் ஏறக்குறைய 80 பேருக்கும் முதல் வாரத்தில் உடல் சற்றே மஞ்சளாகிறது. பெரும்பாலோருக்கு இது தானே மறைந்துவிடும். பெரியவர்களுக்கு அசுத்தமான நீரால் வருகிறதே, அந்தக் காமாலை வேறு, இது வேறு.

இது எப்படி உண்டாகிறது? நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஓயாமல் அழிந்தும் பிறந்தும் வருகின்றன. பெரியவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். சிசுவின் சிவப்பணுவுக்கு ஆயுள் அதனினும் குறைவு. எண்ணிக்கையோ அதிகம். அவை அழியும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றுவது கல்லீரலின் கடமை. குழந்தை கருப்பையில் இருந்தவரை அந்த வேலையைத் தாயின் உடலே செய்து வந்தது. பிறந்த பிறகு, இன்னும் முழுத் திறமை பெறாத தன் கல்லீரலைக் கொண்டே குழந்தை அதைச் செய்தாக வேண்டும். வரவு மிகுந்து, செலவு குறைந்தால் மஞ்சள் தேங்குகிறது.

தேங்கும் அளவு சிறிதாயின் கேடில்லை. வரம்பு மீறினால்தான் விபரீதம். பக்குவமாகாத பிலிருபின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து, அதன் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களைத் தாக்குகிறது. இந்த நிலைக்கு 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஷ்மோர்ல் 'கெர்னிக்டெரஸ்' என்று பெயரிட்டார். உடலின் அசைவை நெறிப்படுத்தும் பகுதிகளும், செவிப்புலனுக்குரிய பாதைகளும் இதில் பழுதடைகின்றன. பிழைத்த குழந்தை கைகால்கள் கட்டுக்கடங்காமல் முறுக்கிக்கொள்ளும் நிலையிலும், காது கேளாமலும் வாழ நேரிடலாம். அவ்வாறு பழுதான மூளையைப் பின்னர் சீராக்க மருந்தில்லை. ஆனால் உரிய காலத்தில் கவனித்தால் இதைத் தடுத்துவிட முடியும். இத்துணைப் பெரிய துன்பத்தை இத்துணை எளிதாகத் தடுக்கலாம் என்பதனாலேயே இதைப் பற்றிப் பேசுகிறோம்.

இங்கே காலக்கணக்கு ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சுகப்பிரசவமானால் இரண்டாம் நாளிலேயே தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கம். மஞ்சளோ மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில்தான் உச்சத்தை எட்டுகிறது. மருத்துவர் பார்க்கும்போது இல்லாதது, நாம் வீட்டில் இருக்கும்போது வருகிறது. நம்மவர்களில் சிலர் அந்த நாட்களில்தான் குழந்தையுடன் ஊருக்கு ரயிலேறுகிறார்கள்! முப்பது மணி நேரப் பயணத்தில் குழந்தை பாலுக்கு விழிக்காமல் உறங்கினால், "சமர்த்துப் பிள்ளை, அழவே இல்லை" என்று மகிழ்கிறோம். அந்த உறக்கமே அபாய அறிவிப்பாக இருக்கலாம். ஆதலால் முதல் வாரத்தில் பயணத்தைத் தவிர்ப்போம். வீடு திரும்பிய இரண்டொரு நாளில் குழந்தையை மறுபடியும் காட்டுவோம்.

பார்ப்பது எப்படி? குழந்தையைச் சன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் கிடத்தி, நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரியும். நம்மவர்களின் மாநிறத்தில் இது எளிதில் புலப்படாது. கண்ணின் வெண்மையையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே கவலைக்குரியது. குழந்தை துவண்டு கிடத்தல், பால் குடிக்க மறுத்தல், கீச்சுக் குரலில் வீரிடுதல், உடலை வில்லைப் போலப் பின்னுக்கு வளைத்தல், வலிப்பு ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். கண் பார்வை மட்டும் கணக்குச் சொல்லாது. இரத்தப் பரிசோதனையே சரியான அளவைக் காட்டும்.

யாருக்கு ஆபத்து மிகுதி? குறைமாதக் குழந்தைகளுக்கு, தாயின் இரத்தம் ஆர்.எச். நெகடிவாகவும் குழந்தையினது பாஸிடிவாகவும் இருக்குமிடத்தில். தாய் 'ஓ' வகையாகவும் சேய் 'ஏ' அல்லது 'பி' வகையாகவும் அமையும்போது சில வேளைகளில். ஆர்.எச். நெகடிவ் தாய்க்கு, குழந்தை பாஸிடிவ் எனத் தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி போட்டால் அடுத்த குழந்தை காக்கப்படும். மற்றொன்று, ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் காணப்படுவது. இக்குழந்தைகளுக்குப் பாச்சை உருண்டையின் வாடையே நஞ்சாகும். சிவப்பணுக்கள் மளமளவென்று அழிந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழம்புடவையில் குழந்தையைச் சுற்றுவது நம் வீடுகளில் சகஜம். அன்புடன் செய்யும் அந்தக் காரியத்தை விட்டுவிடுவதே நல்லது.

சிகிச்சையின் வரலாறும் சுவையானது. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ராச்ஃபர்டு மருத்துவமனையில், வார்டு என்னும் செவிலியர் குழந்தைகளை முற்றத்து வெயிலில் வைப்பதுண்டு. ஒரு குழந்தையின் உடலில் துணி மறைத்திருந்த இடம் மட்டும் மஞ்சளாக, மற்ற இடம் வெளுத்திருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்த கிரெமர் முதலியோர் ஆராய்ந்து 1958இல் ஒளிச்சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார்கள். இன்று நீல ஒளி விளக்கின் கீழ்க் குழந்தையைக் கிடத்துகிறார்கள். தோலிலுள்ள பிலிருபினை அந்த ஒளி உருமாற்றி, எளிதில் வெளியேறச் செய்கிறது. மிகவும் முற்றினால் இரத்தத்தையே மாற்றுவார்கள்.

அப்படியானால் வீட்டு வெயில் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதில் ஒளியின் அளவு நிச்சயமில்லை. குழந்தை சூட்டிலோ குளிரிலோ துன்புறும். கழுதைப் பாலும், கீழாநெல்லிச் சாறும், சர்க்கரைத் தண்ணீரும் மருந்தாகா. அவற்றைக் கொடுத்துக் காத்திருக்கும் நேரமே பெரிய நஷ்டம். சீம்பாலை வீணாக்காமல், நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுப்பதே நாம் வீட்டில் செய்யத்தக்கது; மலம் நன்கு கழிந்தால் மஞ்சளும் கழியும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போல் போனாலோ, அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

பாஷை தெரியாதே என்று தயங்கவேண்டாம். இந்தியில் இதற்குப் 'பீலியா' என்றும், மராத்தியில் 'காவீள்' என்றும், கன்னடத்தில் 'காமாலெ' என்றும் பெயர். அந்த ஒரு சொல்லும், குழந்தை பிறந்த நேரமும் சொன்னால் போதும். செலவை எண்ணியும் தயங்கவேண்டாம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு.

திங்கட்கிழமை போய்க் காட்டலாம் என்று சனிக்கிழமை மாலையில் சொல்லுகிறோமே, அந்த ஒன்றரை நாளில் ஒரு குழந்தையின் செவியும் நடையும் அடங்கியிருக்கக்கூடும். பாட்டி அருகில் இல்லை. ஆயினும் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளலாம். நாளைக் காலையில் சன்னலைத் திறந்து, குழந்தையின் கண்ணைப் பார்ப்போம்.