முட்டை பொரிக்கக் கண் வேண்டாம், தொட்டறிய ஒரு நாப் போதும்

(நாகர்கோவிலில் வெள்ளைக் கைத்தடி நாளையொட்டி நடந்த கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)

மாவட்ட நிர்வாகிகளுக்கும், வார்டு, பூத் பொறுப்பாளர்களுக்கும், முன்வரிசையில் இருக்கிற பார்வை மாற்றுத்திறனாளி அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

‘தொழில்நுட்பமும் மாற்றுத்திறனாளிகளும்’னு எனக்குத் தலைப்பு தந்திருக்காங்க. நான் முட்டை பொரிக்கிறதப் பத்திப் பேசப்போறேன். சிரிக்காதீங்க, விஷயம் அதுக்குள்ளதான் இருக்கு.

வடசேரிப் பக்கம் ஒரு அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவங்க புல்ஸ்ஐ போடுறத அடுக்களை வாசல்ல நின்னு பார்த்தேன். பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே சட்டிய அடுப்புல வச்சு, பர்னருக்கு நடுவுல இருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டாங்க. முட்டைய நேரா சட்டியில உடைக்கல. கிண்ணத்துல உடைச்சு, ஓடு ஏதும் விழுந்திருக்கான்னு விரலால ஒரு தடவல். அப்புறம் தீ. விரல நனைச்சு ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சாங்க. ‘சுர்’னு கேட்டு, அது வத்தின பிறகு தேங்காயெண்ணெய், ஒரே ஒரு கரண்டி. கிண்ணத்த விளிம்போட ஒட்டிச் சரிச்சாங்க. படபடன்னு பொரியுது.

“அக்கா, எடுத்துரலாமா?”ன்னு கேட்டேன்.

“மக்கா, சத்தம் இன்னும் அடங்கல. நீ சும்மா இரி.”

வெள்ளைக்கருவுல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி. அது சூட்டுல ஆவியாகிறதுதான் அந்தப் படபட சத்தம். அடிப்பக்கம் இறுகி ஈரம் குறையக் குறைய சத்தம் தணியும், வாசனையும் மாறும். சட்டிய லேசா ஆட்டினா முட்டை ஒரே வட்டமா வழுக்கும். மேல ஒரு மூடி போட்டா ஆவியிலேயே மேல்பக்கமும் வெந்துரும், திருப்ப வேண்டிய வேலையே இல்ல. கடைசில நல்லமிளகுப் பொடி. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நான் போடுற முட்டைய விட அது நல்லாவே இருந்துச்சு.

2012-ல அமெரிக்காவின் மாஸ்டர்செஃப் போட்டியில ஜெயிச்ச கிறிஸ்டின் ஹா பார்வை இழந்தவர்தான். அதனால ‘பாவம், அவங்க எப்படிச் சமைப்பாங்க’ங்கிற பேச்ச இத்தோட விட்டுருவோம்.

இப்போ அடுப்புக்கு வாரேன். கேஸ் அடுப்புல நாப் இருக்கு. அமுக்கித் திருப்பினா முதல்ல முழுத் தீ, கடைசி வரைக்கும் திருப்பினா சிம். கைக்குத் தெரியும். சமையல் கேஸுக்குன்னு பெரிய வாசனை கிடையாது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன் கலக்குறாங்க. இண்டக்‌ஷன் அடுப்புல தீயே இல்ல. பார்வையில்லாதவங்களுக்கு முதல்ல உதவ வேண்டியது அதுதான். ஆனா கடையில போய்ப் பாருங்க, பாதிக்கு மேல வழவழன்னு ஒரே கண்ணாடிப் பலகை. எது ‘ஆன்’, எது கூட்டுறது, எது குறைக்கிறது? எல்லாத்துக்கும் ஒரே ‘பீப்’. பட்டன் எங்கேன்னு தேடித் தடவுறதே அமுக்கினதா ஆயிரும்! விரல் பட்டாலே வேலை செய்யிற டச் தொழில்நுட்பம் அது. கூட நாலு புடைப்புப் புள்ளி வச்சா கம்பெனிக்கு என்ன பெரிய செலவு வந்துரும்?

இது கருணை கேட்கிற விஷயம் இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 43 சொல்லுது: எல்லாரும் பயன்படுத்தும்படி வடிவமைச்ச நுகர்பொருள்களோட தயாரிப்பையும் விநியோகத்தையும் அரசு ஊக்குவிக்கணும். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க சுமார் 50 லட்சம் பேர். வாக்குப்பதிவு இயந்திரத்துல பிரெயில் எண் இருக்கு. அவங்க ஓட்டு வேணும்னா பிரெயில் வைக்கத் தெரியுது, அவங்க வீட்டு அடுப்புன்னா மட்டும் மறந்துருதா?

2011-ல தொடங்கி வீடு வீடா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. அரசு லட்சக்கணக்குல வாங்கும்போது டெண்டர்ல எழுதுற ஒரு வரிக்குக் கம்பெனிகள் கட்டுப்படும். நம்ம கோரிக்கை அந்த ஒரு வரிதான்: அரசுப் பணத்துல வாங்குற எந்த வீட்டு உபயோகப் பொருளா இருந்தாலும், தொட்டுத் தெரிஞ்சுக்கிற நாப் அல்லது புடைப்புக் குறி கட்டாயம். கூடவே, பார்வை இழந்தவங்களுக்குச் சமையல் பயிற்சி நம்ம மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கணும். வயசான பிறகு சர்க்கரை நோயால பார்வை போனவங்களுக்கு இது ரொம்ப அவசியம். பிறவியில இருந்தே பழகினவங்க மாதிரி அவங்களால சட்டுன்னு அடுக்களைக்குள்ள போக முடியாது.

வர்ற திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கிறோம். முன்வரிசையில இருக்கிறவங்கதான் மனுவக் கொடுப்பாங்க, நாம பின்னாடி நிப்போம். வார்டு பொறுப்பாளர்கள் உங்க பகுதியில இருக்கிற பார்வை மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குப் போய், மனுவ முழுசா வாசிச்சுக் காட்டிட்டு, அவங்க சம்மதிச்சா மட்டும் கையெழுத்து வாங்குங்க.

இந்த உரையின் ஒலிப்பதிவு முதல் கமெண்ட்டில் உள்ளது.