எரிபொருளுக்கு நிலத்தைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள்



டிராக்டர் உழவானாலும், அறுவடை இயந்திரமானாலும், மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றும் வண்டியானாலும் முதலில் வந்து நிற்பது டீசல் செலவுதான். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைக் கட்டுப்படுத்தியபோது, சில மாதங்களுக்குள் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. எங்கோ சண்டை மூண்டால் இங்கே உழவுக் கூலி ஏறுகிறது.

இதற்கு மாற்று உங்கள் வயலில்தான் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். சோறு விளைகிற நிலத்தை எரிபொருளுக்குக் கொடுக்காதே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நட்டம் வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். டீசலில் காட்டாமணக்கு எண்ணெயைப் பக்குவப்படுத்திக் கலக்கலாம், 2011-12க்குள் நூற்றுக்கு 20 பங்கு கலந்துவிடலாம் என்று 2003-ல் மத்திய திட்டக்குழு அமைத்த குழு ஒன்று அறிக்கை தந்தது. நான் அப்போது வேலைக்குப் புதிது. "தரிசிலும் வரும், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது" என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

செடி காயவில்லை, உண்மைதான். ஆனா செடி உயிரோடு நிற்பது வேறு, காய்ப்பது வேறு. தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் சொன்ன விளைச்சல் வரவில்லை. காய்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். விதை விற்ற காசு பறிப்புக் கூலிக்கே போதவில்லை. பிண்ணாக்கோ நஞ்சு, மாட்டுக்கு வைக்க முடியாது. வாங்கிக்கொள்கிறோம் என்றவர்களையும் காணோம்.

என் பேச்சைக் கேட்டு இரண்டு ஏக்கர் கடலைக் காட்டில் காட்டாமணக்கு நட்ட ஒரு பெரியவர், "சார், கடலை போட்டிருந்தா எண்ணெய் ஆட்டியிருப்பேன், கொடியை மாட்டுக்குப் போட்டிருப்பேன். இதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவரே கூலி கொடுத்து வேரோடு பிடுங்கிப் போட்டார். நாட்டுக்கு வைத்த அந்த 20 பங்கு இலக்கும் எட்டப்படவில்லை.

அன்று அவர் கேட்டதிலிருந்து நான் படித்துக்கொண்டவை மூன்று கேள்விகள். இந்தப் பயிருக்குத் தண்ணீர் எவ்வளவு? வாங்குகிறவர் யார், எழுத்தில் கொடுப்பாரா? எரிபொருளுக்கு வாங்காவிட்டால் விளைச்சல் வேறு எதற்கு ஆகும்?

இப்போது எத்தனாலுக்கு வருவோம். 2003-ல் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022-ல் கலப்பு நூற்றுக்கு 10 பங்கை எட்டியது, 2025-ல் 20 பங்கை எட்டியது. இறக்குமதி ஓரளவு குறைகிறது. சர்க்கரை ஆலைக்கும் இன்னொரு வரும்படி கிடைக்கிறது. இது பெட்ரோலுக்குத்தான், உங்கள் டிராக்டர் டீசலுக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கரும்பிலிருந்து சுமார் 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். அப்படி எடுக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 2021-ல் அரசின் நிபுணர் குழுவே கணக்கிட்டது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகில் எடுத்தால் குற்றமில்லை. அதற்கென்று தனியாகப் பயிர் செய்வதில்லை அல்லவா? எத்தனாலுக்காகவே புதிதாகக் கரும்பு நடுகிறவர், தன் கிணறு தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

மக்காச்சோளம் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். எத்தனாலுக்குப் போகாவிட்டால் தீவனத்துக்குப் போகும். மூன்றாவது கேள்விக்கு இது பதில் சொல்கிறது. ஆனால் எத்தனால் ஆலை போட்டி போட்டு வாங்கினால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரருக்குத் தீவன விலை ஏறும். விற்கிறவரும் விவசாயி, வாங்குகிறவரும் விவசாயி.

இன்னொன்று, அரசின் முடிவும் மாறக்கூடியது. மழை குறைந்து சர்க்கரைத் தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதை 2023 டிசம்பரில் அரசு கட்டுப்படுத்தியது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் அனுமதித்தது. ஒரே ஒரு வாங்குபவரை நம்பி முழு நிலத்தையும் மாற்றிவிடாதீர்கள்.

அப்படியானால் எரிபொருளை எதிலிருந்து எடுப்பது? என் அனுபவத்தில் முதலிடம் கழிவுக்குத்தான். நான்கைந்து மாடு வைத்திருப்பவருக்கு நாளைக்கு 50 கிலோ சாணம் கிடைக்கும். அது 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்குப் போதும், நாலைந்து பேருள்ள குடும்பத்துக்குச் சமையல் ஆகும். வெளிவரும் சாணக் கரைசல் வயலுக்கு எருவாகும். இதே வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி அடைத்தால் வண்டியும் ஓடும். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழி எரு போன்ற கழிவுகளிலிருந்து இப்படி வாயு எடுக்கும் ஆலை இருக்கிறது. இதற்கென்று தனியாகப் பயிர் நிலமும் வேண்டாம், பாசனத் தண்ணீரும் வேண்டாம்.

வீட்டளவில் இன்றைக்கே செய்யக்கூடியவை சில. டிராக்டரில் கரும்புகை வந்தால் டீசல் எரியாமல் வீணாகிறது என்று பொருள். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஆகவே பைக்கின் டாங்கி மூடி இறுக்கமாக இருக்கட்டும், மழையில் நிறுத்தாதீர்கள், பழைய வண்டியின் ரப்பர்க் குழாயைப் பார்த்து மாற்றுங்கள். மார்க்கெட்டுக்கு ஐந்து பேர் ஐந்து வண்டியில் போவதைவிட ஒரே வண்டியில் ஏற்றி வாடகையைப் பங்கிடுங்கள். பக்கத்து ஊருக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் கட்டுப்படியாகும். அதை வீட்டு இணைப்பில்தான் சார்ஜ் போட வேண்டும், பம்புசெட் இணைப்பில் கூடாது. ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள், சூரிய சக்தி பம்புசெட்டுக்கு மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

நாளைக்கு இன்னொரு எரிபொருள் பயிரைச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் ஊருக்கு வரலாம். அது நானாகவே இருந்தாலும் சரி, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு நடலாம். அப்போதும் முதலில் கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள்.