கூழாங்கல்லும் கால்குலஸும்

எனக்கு 5 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தச் சொல் ‘கால்குலஸ்’.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தவன் நான். முதல் வாரமே போர்டில் அந்தச் சொல்லை எழுதினார்கள். பள்ளியில் ‘நுண்கணிதம்’ என்று நான் போட்ட அதே கணக்குதான் என்பதுகூட எனக்குப் புரியவில்லை. முதல் தேர்வில் 50-க்கு 9 மார்க். அன்றிரவு டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். மறுநாள் எங்கள் பேராசிரியரிடம், “ஊருக்கே போயிடறேன் சார்” என்றேன்.

அவர் திட்டவில்லை. “தம்பி, உங்க வீட்ல பல்லாங்குழி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார்.”

“நீங்க முத்துப் போட்டு எண்ற மாதிரி, ரோமாபுரிக்காரன் பலகையில கூழாங்கல்லை நகர்த்திக் கணக்குப் போட்டான். அந்தச் சின்னக் கல்லுக்கு லத்தீன்ல கால்குலஸ்னு பேரு. ஒரு கல்லுக்குப் பயந்தா ஊருக்குப் போறே?”

பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

பிறகு நானே தேடிப் படித்தேன். லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் சுண்ணாம்புக்கல். அதன் குறுவடிவம்தான் கால்குலஸ். கல்லைக் குறித்த சொல், கல்லை வைத்துப் போடும் கணக்கையே குறிக்கத் தொடங்கிவிட்டது. லைப்னிட்ஸ் 1684-இல் தம் புதிய முறையை லத்தீனில் வெளியிட்டபோது, தலைப்பில் இச்சொல்லைக் கணக்கு என்ற பொருளில்தான் வைத்தார். கால்குலேட்டரும் இதே குடும்பம். 1808-இல் ஹம்ப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து பிரித்த உலோகத்துக்குக் கால்சியம் என்று பெயரிட்டதும் கால்க்ஸை வைத்துத்தான். நம் பேராசிரியர்கள் கையிலிருக்கும் ‘சாக்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே!

மருத்துவர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. பல்லில் படியும் காறையும் அவர்களுக்குக் கால்குலஸ்தான். போன வருஷம் எனக்கு விலாவில் தாங்க முடியாத வலி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ரீனல் கால்குலஸ், 6 மில்லிமீட்டர்’ என்று இருந்தது. அதாவது சிறுநீரகக் கல். வலியோடு வலியாகச் சிரித்துவிட்டேன். “ஏன் சார் சிரிக்கிறீங்க?” என்றார் டாக்டர். “காலேஜ்ல விட்ட பாக்கி டாக்டர்” என்றேன்.

அந்தப் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. இருந்திருந்தால் இதை அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே! ஒரு சொல் மிரட்டினால் பெட்டியைக் கட்டாதீர்கள், அகராதியைத் திறந்து பாருங்கள்.