தட்டில் என்ன இருக்கிறது?

(ஆண்டர்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



குழந்தைகளின் ஆகாரப் பழக்கம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, முப்பத்து மூன்று வருஷம் எடையளவுத் துறையில் தராசையும் படிக்கல்லையும் சோதித்துக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எடை போடுவதுதான். அதை வைத்தே பேசுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், என் பேத்திக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தோம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. அந்த வயதில் 12க்குக் குறையக்கூடாது. "நம்மாத்துலயா?" என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். வேளா வேளைக்குச் சாதம், நெய், தயிர், காபி என்று குறைவில்லாத வீடு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்ததை நான் பேப்பரில் படித்திருந்தேன். அது யாரோ வீட்டுச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டியவன்தான் நான்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே, ஒரு வாரம் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி வரச் சொன்னார். எழுதினேன். பழக்க தோஷம், எடையும் போட்டேன். ஏழு நாளில் கீரை ஒரே ஒரு நாள், அதுவும் இரண்டு ஸ்பூன். மத்தியானம் தினமும் தயிர் சாதமும் உருளைக்கிழங்கு ரோஸ்டும். மாலையில் பாட்டியோடு டிபன், உடனே காபி. பாலிலும் தயிரிலும் சுண்ணாம்புச்சத்து உண்டு, பி12 உண்டு. சைவ உணவுக்காரர்களுக்கு பி12 கிடைக்க அதுதான் முக்கிய வழி. ஆனால் இரும்பு ஏறக்குறைய கிடையாது. போதாததற்கு, சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும், இருக்கிற இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடுவதில்லை. குழந்தைக்குக் காபி பழக்கியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

இந்த விஷயம் புதிதல்ல. 1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரு சின்ன அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஆராய்ச்சி தொடங்கினார். பின்னால் 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான். அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டு வளர்த்து எடை போட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட சீக்கியச் சாப்பாட்டு எலி கொழுகொழுவென்று முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிக்குக் கடைசி இடம். இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப நான் மெட்ராஸ் எலியா தாத்தா?" என்றாள். நான் நூறு தடவை 'கீரை சாப்பிடு' என்று சொன்னதைவிட அந்த எலி அதிகம் வேலை செய்தது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டு, பால், தங்கம் என்று கோலாருக்குப் பெயர். தங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு முடிந்தது. ராகியை அந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, இந்த மண்ணில் இவ்வளவு விளைந்தும். மண்டியா பண்ணையில் லட்சுமணையா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டி 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கினார். 'ராகி லட்சுமணையா' என்றே அவருக்குப் பெயர்.

எங்கள் வீட்டில் ராகி நுழைந்ததே இல்லை. பள்ளியில் என் பக்கத்து பெஞ்சுப் பையனின் அப்பா சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தில் இறங்குகிறவர். அவன் தூக்கில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் இருக்கும். ஒருநாள் ஒரு உருண்டை பிய்த்து என்னிடம் நீட்டினான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். வீட்டில் சொன்னபோது, "நல்ல வேளை, தொடலையே" என்றார்கள். அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஓட்டப் பந்தயத்தில் அவன் எப்போதும் எனக்கு முன்னால். இன்று என் சர்க்கரை டாக்டர் எனக்கு ராகி தோசை எழுதிக் கொடுக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத் நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து சுமார் 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் எட்டுகூட இல்லை. பசும்பாலிலேயே 118தான். ஆனால் ராகி ஒன்றும் அமிர்தம் அல்ல. இரும்பு சுமார் நாலரை மில்லிகிராம். அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். இரண்டு உருண்டை களி தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்துச் சொல்கிறேன்.

முளை கட்டினால் இரும்பு சேர்வதற்குத் தடையாக இருக்கும் பொருள் குறைகிறது. இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளை முளை வந்ததும் உலர்த்தி வறுத்து அரைப்பது. தானே முளைக்க வைத்ததை என் பேத்தி வேண்டாம் என்று சொன்னதில்லை. களியை மட்டும் இன்றுவரை தொடமாட்டாள். தோசை, கஞ்சி, வெல்ல உருண்டை என்றால் சரி.

துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் உண்டு. கீரையின் இரும்பு உடம்பில் சேர நெல்லிக்காயின் வைட்டமின் சி உதவும். முன்னோர்களுக்கு வைட்டமின் தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது அவர்களுக்கும் மரியாதை அல்ல, சயன்ஸுக்கும் மரியாதை அல்ல. சேர்மானம் நல்ல சேர்மானம், அவ்வளவுதான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்றில்லாமல் வாரம் மூன்று நாள் கீரை செய்து, எலுமிச்சம்பழம் பிழிந்து போடுங்கள்.

இன்னொன்று, பாக்கெட். என் பழைய உத்தியோகத்தில் நிகர எடையைத்தான் பார்ப்பேன். இப்போது சேர்மானப் பட்டியலைப் பார்க்கிறேன். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. 'ராகி பிஸ்கட்' என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பாக்கெட்டைப் பேத்தி வாசித்தாள். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, பிறகு எண்ணெய். ராகி அதற்கும் கீழே. "ஏமாத்தறாளே தாத்தா!" என்று அவளே பாக்கெட்டைத் திருப்பி வைத்தாள். கண்ணாடி போடாத கண்ணுக்குத்தான் அந்தப் பொடி எழுத்து தெரிகிறது. ஆகவே கடைக்குப் போகும்போது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2013லிருந்து பால் கொடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அதில் ராகி மால்ட் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் குழந்தைகளோ பெரும்பாலும் கட்டணம் கட்டும் பள்ளிகளில் நூடுல்ஸ் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஊரில் அப்பா அம்மா இருவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். டப்பா கட்டுவது தாத்தா பாட்டிகள்தான். பம்பாயிலும் சென்னையிலும் அப்படித்தான் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இதையெல்லாம் மாட்டுப்பெண்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

பேத்திக்குப் போன மாதம் 11.8. இன்னும் 12 ஆகவில்லை. மாத்திரையை டாக்டர் நிறுத்தவில்லை.

பஜ்ஜி தயார் என்று கையைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் நெல்லிக்காய் நறுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காபி மட்டும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். யாரும் சமையல்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சொன்னது நான்தான்.